ரோலின் கடைசி ஒரு மீட்டர்: கொங்கு நாட்டில் ஐந்து நாள்

முதல் நாள், சனி – திருப்பூர்

நான் எழுதிக் கொடுத்த கணினி நிரலை நம்பி இரண்டு மாதத்துக்கு முன்னால் 62 டி-ஷர்ட் கெட்டுப்போயின. அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பயணம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை. ஆனாலும் ஐந்து நாள் கொங்கு நாட்டில் இருந்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் திரும்ப மனசு வரவில்லை. தினமும் ராத்திரி தூங்கும் முன் எழுதிப் போட்டுவிடுவது என்று முடிவு.

சேரன் எக்ஸ்பிரஸ் விடியும் முன்பே இறக்கிவிட்டது. கல்லூரித் தோழியின் அண்ணன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். அவருக்கு இங்கே ஒரு பனியன் கம்பெனி. டி-ஷர்ட் தைத்தாலும் நைட் பேண்ட் தைத்தாலும் இந்த ஊரில் அது பனியன் கம்பெனிதான்.

நடந்தது இது. ஒரு டி-ஷர்ட்டின் செலவில் பாதிக்கு மேல் துணிக்கே போய்விடுகிறது. ரோலை விரித்து வெட்டியபின் கடைசியில் நிற்கும் துண்டுக்கு இங்கே பிட் என்று பெயர். பிட்டுகள் மூலையில் குவிந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பட்டியல் போட்டு, கை மாதிரியான சின்னப் பாகங்களை அதில் வெட்டச் சொன்னது என் நிரல். கணக்கில் மிச்சம் பிரமாதமாக வந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் தைத்து, அயர்ன் போட்டு, வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தால் உடம்பு ஒரு நேவி நீலம், கை இன்னொரு நேவி நீலம். ஒரே ஆர்டர், ஒரே சாயப்பட்டறை. ஆனால் வேறு வேறு தடவை சாயத்தில் போட்டு எடுத்த ரோல்கள்.

கட்டிங் மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் மேல் கோபம் இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். "வாங்க மேடம், டீ குடிச்சீங்களா" என்றார். டீ வந்தபிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "கம்ப்யூட்டருக்கு எல்லா நீலமும் ஒரே நீலந்தானுங்களே. அதைச் சொல்லிக் குத்தமில்லீங்க." குத்தம் யாருடையது என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

காலை முழுக்க அவருடைய டேபிள் பக்கத்திலேயே நின்றேன். நேற்றுச் சாயங்காலமே ரோலைப் பிரித்துத் தளர விட்டிருக்கிறார்கள். பின்னல் துணி ரோலில் இழுபட்டுக் கிடக்கும். அப்படியே வெட்டினால் தைக்கும்போது சுருங்கிச் சட்டை குட்டையாகிவிடும். டேபிளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். துணியை இழுத்துக்கொண்டு போகிறார்கள், முனையில் இரும்புக் கட்டையை வைக்கிறார்கள், வெட்டுகிறார்கள், திரும்ப இந்த முனைக்கு வருகிறார்கள். ஒரு பக்க ஓரம் கத்தி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். அங்கே அடுக்குகள் இரண்டு விரல், மூன்று விரல் உள்ளும் வெளியுமாக இருந்தன. ரோலுக்கு ரோல் அகலம் மாறுகிறது. என் நிரலில் அகலம் என்பது ஒரே ஒரு எண்.

விரித்த அடுக்கு மொத்தத்துக்கும் லே என்று பெயர். அதன் மேல் மார்க்கர் காகிதம்: முன்பாகம், பின்பாகம், கைகள் எல்லாம் வரைந்தது. இன்றைய மார்க்கர் 6 மீட்டர், அதில் 8 டி-ஷர்ட். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு செ.மீ. தாராளம் விட்டு ஒரு அடுக்குக்கு 6.04 மீட்டர் பிடிக்கிறது. இந்த 4 செ.மீ. அற்பமாகத் தெரியும். 80 அடுக்குக்குப் பெருக்கினால் 3.2 மீட்டர், நாலு சட்டைத் துணி.

துணி உடுத்தும் எல்லாருக்கும் தோன்றுகிற கேள்வி, காகிதத்தில் அந்த உருவங்களை இன்னும் நெருக்கி வைக்க முடியாதா என்பது. முடியும். லெக்ட்ரா, கெர்பர் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் அதற்குத்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாப் பாகமும் கண்ணி ஓடும் திசையிலேயே நிற்க வேண்டும், நினைத்தபடி சாய்த்து வைக்கக் கூடாது. கழுத்து வளைவையும் அக்குள் வளைவையும் என்ன செய்தாலும் சுற்றிக் கொஞ்சம் காலியிடம் இருக்கும். இந்த மார்க்கரில் பயன்படுவது நூற்றுக்கு 85. ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரை ஓடவிட்டால் 86 ஆகலாம்.

இப்போது ரோலைப் பாருங்கள். 20 கிலோ, 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம்), 1.6 மீட்டர் அகலம். 20,000 கிராமை 160-ஆலும் 1.6-ஆலும் வகுத்தால் 78 மீட்டர் சொச்சம். 6.04-இல் 12 அடுக்கு போனால் 72.48. மிச்சம் ஐந்தரை மீட்டர், நூற்றுக்கு 7! மார்க்கரில் ஒரு சதவீதத்துக்கு ராத்திரி முழுக்கத் தவம் கிடந்துவிட்டு, ரோல் முனையில் ஏழு சதவீதத்தைக் கீழே போடுகிற கதை.

மாஸ்டர் கீழே போடுவதில்லை. 3 மீட்டரில், 4 சட்டைக்கு இன்னொரு குட்டி மார்க்கர் வைத்திருக்கிறார். மிஞ்சிய ஐந்தரையில் அதை ஒன்று விரிப்பார். மிச்சம் இரண்டரை மீட்டராகக் குறைகிறது. முழுச் சட்டையும் அதே துணியிலிருந்து வருவதால் நிற வேறுபாட்டுக்கும் இடமில்லை. பிட்டில் கையை மட்டும் வெட்டச் சொன்ன என் புத்திசாலித்தனத்துக்கு மருந்து அவர் டேபிளுக்கு அடியிலேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் நாள், ஞாயிறு – திருப்பூர்

கம்பெனி லீவு. காலையில் காதர்பேட்டை. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, கழித்தது எல்லாம் இங்கே வந்துதான் சட்டையாக மறுபிறவி எடுக்கிறது. என்னுடைய 62-உம் இங்கேதான் எங்கோ போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நேவி நீலம் தொங்கும் இடத்திலெல்லாம் கையைத் தூக்கிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கட்டிங் வேஸ்ட் வாங்கும் ஒரு குடோனுக்கும் அண்ணன் கூட்டிப்போனார். மார்க்கரில் வீணாகும் அந்த 15 சதவீதம் மூட்டை மூட்டையாக இங்கே வருகிறது. பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். பிரித்ததை மில்லில் கிழித்துத் திரும்பப் பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) என்கிற தடித்த நூல் நூற்பார்கள். நிறம் ஏற்கெனவே ஏறியிருப்பதால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. போர்வை, மிதியடி, கையுறை என்று போகிறது. ஆக, 'வேஸ்ட்' என்று நான் எழுதும்போதெல்லாம் அது குப்பை இல்லை. விலை குறைந்துபோன துணி, அவ்வளவுதான்.

மதியம் தோழியின் அம்மா வீட்டில் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய். இதை ஒரு சாதம் என்று சென்னையில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது, சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு அம்மா பேத்திக்குப் பாவாடை சட்டை வெட்ட உட்கார்ந்தார்.

"எப்படிம்மா கணக்குப் போடுறீங்க?"

"கணக்கென்ன கண்ணு. பெரிசை மொதல்ல எடுத்துக்கோணும். சின்னது எங்காச்சும் இடுக்குல போயிரும்."

இதற்குக் கணினி அறிவியலில் 'ஃபர்ஸ்ட் ஃபிட் டிக்ரீசிங்' என்று ஒரு பெயரே இருக்கிறது. துண்டுகளை நீளத்தில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, ஒவ்வொன்றையும் அது கொள்ளும் முதல் ரோலில் வைத்துக்கொண்டே போவது. இது எவ்வளவு மோசமாகப் போகும் என்பதற்கும் நிரூபணம் உண்டு: ஒரு வேலைக்கு 9 ரோல் போதுமென்றால் இந்த வழியில் 11-க்கு மேல் ஆகாது. மிகச் சிறந்த விடையைத் தேடுவது அப்படியில்லை. துண்டுகளின் வகை கூடக் கூட எல்லா வழியையும் பார்த்து முடிக்க ஆயுள் போதாது. அம்மாவுக்கு நிரூபணத்தில் ஆர்வமில்லை. "ஒம்போதுக்குப் பதினொண்ணு எடுத்தா எங்கூட்டுக்காரரு என்னைய வெச்சிருப்பாரா?" என்றார்.

மூன்றாம் நாள், திங்கள் – கரூர், ராத்திரி ஈரோடு

காங்கேயம், வெள்ளகோவில் வழியாகப் பஸ். வழியெல்லாம் பனைமரமும் கிளுவை வேலியும். தூங்கிவிட்டேன், அதனால் வர்ணனை இல்லை.

கரூரில் வேறு உலகம். இங்கே பின்னல் துணி இல்லை, நெய்த துணி. மேசை விரிப்பு, திரை, படுக்கை விரிப்பு, எல்லாம் நேர்கோட்டு வெட்டு. கழுத்தும் இல்லை, அக்குளும் இல்லை. அண்ணனின் பங்காளி ஒருவர் இரண்டு அளவில் மேசை விரிப்பு அனுப்புகிறார்: 2.6 மீட்டரில் 380, 2.2 மீட்டரில் 450. தையல் மடிப்பு உட்பட்ட நீளம். துணி 100 மீட்டர் ரோல்.

அவர் வழக்கமாகச் செய்வது, பெரிய அளவுக்கு 10 ரோல், சின்ன அளவுக்கு 10 ரோல். பெரியது ஒரு ரோலில் 38, மிச்சம் 1.2 மீட்டர். சின்னது 45, மிச்சம் 1 மீட்டர். ஆக 20 ரோல், 20 பிட், மொத்தம் 22 மீட்டர். பிட்டுகள் மூட்டை கட்டி வாசலில் இருந்தன. "இதுல எந்த அளவும் வராதுங்க" என்றார்.

ஒரு பழைய காலண்டர் தாளைக் கேட்டு வாங்கினேன். ஒரே ரோலில் இரண்டு அளவையும் கலந்தால்? பெரியது 19, சின்னது 23 என்றால் 49.4 + 50.6, சரியாக 100. பெரியது 8, சின்னது 36 என்றாலும் சரியாக 100. முதல் மாதிரியில் 18 ரோல், இரண்டாவது மாதிரியில் ஒரே ஒரு ரோல் வெட்டினால் பெரியது 350, சின்னது 450 முடிந்தது. கடைசி ரோலில் பெரியது 30, அதற்கு 78 மீட்டர். பத்தொன்பது ரோலில் ஒரு விரல்கூட மிஞ்சவில்லை. இருபதாவதில் 22 மீட்டர் முழுசாக நிற்கிறது. பங்காளி தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"எல்லாஞ் சரிங்க. ரோலு நூறு மீட்டர்னு யாரு சொன்னா?"

அதுதானே! லேபிளில் 100 என்று இருக்கும். அளந்தால் 98.6 வரும், 101 வரும். இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு அழகான பதில் வைத்திருந்தேன், எழுதியே தீருவேன். 20 செ.மீ.யை ஒரு அலகாக வைத்தால் பெரியது 13 அலகு, சின்னது 11 அலகு. 13-க்கும் 11-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லை. இப்படி இரண்டு எண் இருந்தால், ஒரு எல்லைக்கு மேல் எந்த முழு எண்ணையும் அவற்றை மட்டும் கூட்டிக் கூட்டிப் பெறலாம். எட்ட முடியாத கடைசி எண் 13×11 − 13 − 11, அதாவது 119. சில்லறை நாணயங்களை வைத்துப் பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பழைய கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் சில்வெஸ்டர் ஆராய்ந்தது. நமக்கு அதன் அர்த்தம் இவ்வளவு: 24 மீட்டருக்கு மேல் ரோல் எந்த நீளமாக இருந்தாலும், இரண்டு அளவையும் தக்கபடி கலந்தால் மிச்சம் 20 செ.மீ.யைத் தாண்டாது. 98.6 மீட்டரா? பெரியது 21, சின்னது 20. முடிந்தது.

இந்த வெட்டுக் கணக்குக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1938-இல் லெனின்கிராதில் ஒட்டுப்பலகை ஆலைக்காரர்கள் இயந்திரங்களுக்கு வேலை பிரிப்பது எப்படி என்று கேட்டு வர, காண்டரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியர் ஒரு புது முறையையே உருவாக்கினார். பொருளை வீணாகாமல் வெட்டுவதும் அதில் அவர் எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்று. 1975-இல் கூப்மன்ஸுடன் சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கினார்.

சாயங்காலம் ஈரோட்டுக்கு ரயில். புகளூர் தாண்டும்போது காகிதபுரம் பக்கம் தமிழ்நாடு காகித ஆலை இருப்பது நினைவு வந்தது, கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறவர்கள். ஆலைகளில் காகிதம் அகலமான பெரிய சுருளாக இறங்கும். கேட்கிற அகலத்துக்கு அதைக் கீறித் தர வேண்டும். துணி ரோல் கணக்கேதான், 90 டிகிரி திருப்பிப் போட்டது. இதற்கு 1961-இல் ஐபிஎம்-இல் இருந்த கில்மோரும் கோமோரியும் ஒரு தந்திரம் சொன்னார்கள். இரண்டே அளவு என்றால் காலண்டர் தாள் போதும். இருபது அளவு என்றால் வெட்டு மாதிரிகள் கோடிக்கணக்கில் போகும், எழுதி வைக்கவே முடியாது. எழுதாதே என்றார்கள். கையில் உள்ள நாலைந்து மாதிரிகளை வைத்தே கணக்கைப் போடு. அந்த விடையிலிருந்து ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விலை கிடைக்கும்: எது கிடைக்கச் சிரமமோ அதற்கு விலை அதிகம். அந்த விலைக்கு ஒரு ரோலின் பெறுமானத்தைத் தாண்டும் புது மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் தேடு. இருந்தால் சேர்த்துக்கொண்டு திரும்பப் போடு. இல்லையென்றால் நிறுத்து. கறிக்கடையில் எந்தப் பாகத்துக்கு இன்று கிராக்கி என்று பார்த்து ஆட்டைக் கூறு போடுகிற மாதிரி. ஒரு எச்சரிக்கை: விடையில் இரண்டே முக்கால் ரோல் என்றெல்லாம் வரும். முழு ரோலாக்கும் வேலை நம் தலையில்.

ராத்திரி பதினொன்றுக்கு மேல் கனி மார்க்கெட். திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரைக்கும் வாரச் சந்தை. லுங்கி, துண்டு, நைட்டித் துணி, தலைச்சுமையாக ஓடும் ஆட்கள். பங்காளி வாசலில் கிடந்தது போன்ற பிட்டுகளும் முடிச்சு முடிச்சாக இருந்தன. மெல்லிய பச்சைக் கோடு போட்ட ஒரு மீட்டர் துண்டு ஒன்று வாங்கினேன். எதற்கென்று தெரியாது.

நான்காம் நாள், செவ்வாய் – சென்னிமலை

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். கணக்கு சரி, ஆனால் முக்கியமான ஒன்றை விட்டிருக்கிறேன். கரூரில் நான் ஒரு அங்குலம்கூட மிச்சப்படுத்தவில்லை. பழைய வழியிலும் 20 ரோல், என் வழியிலும் 20 ரோல். பழைய வழியிலும் மீதி 22 மீட்டர், என் வழியிலும் 22 மீட்டர். இருபது இடத்தில் சிதறியதை ஓர் இடத்தில் கூட்டி வைத்தேன், அவ்வளவுதான். இருபது ஒரு-மீட்டர் பிட்டுக்கு முடிச்சு விலை. ஒரு 22 மீட்டரில் இன்னும் 10 மேசை விரிப்பு வெட்டலாம். நான் எழுதிய நிரல் 'மொத்த மீதி' என்ற ஒரே எண்ணைத்தான் குறைக்கப் பார்க்கும். இந்த இரண்டு வழியும் அதற்கு ஒன்றுதான். இது எனக்குச் சென்னிமலைப் பஸ்ஸில்தான் உறைத்தது, அதுவும் நின்றுகொண்டு வந்தபோது.

சென்னிமலை போர்வைக்குப் பேர்போன ஊர். திருப்பூர் ஸ்டேஷன் பக்கம் நினைவகமாக இருக்கிற கொடிகாத்த குமரன் 1904-இல் பிறந்ததும் இங்கேதான், நெசவுக் குடும்பத்தில். மலைக்கு ஏறவில்லை. கீழிருந்தே முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தறி இருக்கும் ஒரு வீட்டுக்குப் போனேன்.

எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. கைத்தறியில் வெட்டே கிடையாது. போர்வை போர்வையாகவே தறியில் பிறக்கிறது. ஒன்றை நெய்து முடித்ததும் பாவு நூலை (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) ஒரு முழம் நெய்யாமல் விட்டு அடுத்ததைத் தொடங்குகிறார்கள். நடுவில் அறுத்தால் இரண்டு பக்கமும் குஞ்சம். அதை முடிச்சுப் போட்டால் அழகு. வெட்டும் இடமே அலங்காரமாகிவிடுகிறது. வேட்டி, சேலையும் இந்த வகைதான். மார்க்கரும் வேண்டாம், நிரலும் வேண்டாம், நான் வீட்டுக்குப் போகலாம் என்று அந்த அக்காவிடம் சொன்னேன்.

அவர் தறியின் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். பாவு தீரும் இடத்தில் கடைசிக் கொஞ்சத்தை நெய்யவே முடியாது. அது பண்ணை என்கிற சீப்புக்குள்ளும் இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்குள்ளும் புகுந்து பின்னால் கட்டியிருக்கிறது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா போய்வர அங்கே இடமில்லை. புதுப் பாவை அந்தப் பழைய முனைகளோடு ஒவ்வோர் இழையாகப் பிணைத்து முறுக்குவார்கள், ஆயிரக்கணக்கான இழை. "அறுத்துப் போட்டா மறுக்கா ஒவ்வொண்ணா கோக்கோணுமல்லங்க. அதுக்கு இது பரவால்ல" என்றார். பிணைத்த அந்தக் கடைசித் துண்டு துணியாகாது, ஆனால் அடுத்த பாவை உள்ளே இழுத்து வருகிறது. அதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொள்ளு ரசமும் சோறும் போட்டார்கள். அதற்கு மேல் இன்று எழுத ஒன்றும் இல்லை. தறிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஐந்தாம் நாள், புதன் – திருப்பூர், அப்புறம் ரயில்

ராத்திரியே நிரலைத் திருத்தியிருந்தேன். முதலாவது, ஒரு ரோலின் பிட் இன்னொரு ரோலுக்குப் போகவே கூடாது. இரண்டாவது, நீளமும் அகலமும் லேபிளிலிருந்து இல்லை, அளந்து போடுவது. மூன்றாவது கரூரிலிருந்து வந்தது, அதில்தான் எனக்குப் பெருமை: மாஸ்டரின் குட்டி மார்க்கர் 3 மீட்டர், பெரியது 6 மீட்டர். சரிபாதி! முனைத் தாராளத்தோடு பார்த்தால் 3.04, 6.04. ஒரு பெரியதை எடுத்துவிட்டு இரண்டு குட்டி போட்டால் நிலைமை ஏறக்குறைய மாறுவதே இல்லை. எப்படிக் கலந்தாலும் மிச்சம் அதே இடத்தில்தான் நிற்கும். 13, 11 மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத நீளம் வேண்டும்.

"நாலரை மீட்டர்ல ஒண்ணு போட முடியுமாண்ணா?"

யோசித்தார். "ஆறு பீஸு வரும். எஸ் ஒண்ணு, எம் ரெண்டு, எல் ரெண்டு, எக்ஸெல் ஒண்ணு. போடலாமுங்க." அளவு விகிதம் கொஞ்சம் நகரும், கடைசி இரண்டு ரோலில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார். காலைக்குள் மார்க்கர் தயார், ஒரு அடுக்குக்கு 4.54 மீட்டர்.

முதல் ரோல் 78.0 மீட்டர். பெரியது 12, நாலரை 1. மிச்சம் 98 செ.மீ. பழைய குட்டியாக இருந்தால் 2.48 மீட்டர் நின்றிருக்கும். இரண்டாவது ரோல் 74.6. பெரியது 10, நாலரை 3. மிச்சம் 58 செ.மீ. பழைய வழியில் 2.12. மூன்றாவது 76.3, புது வழியிலும் 78 செ.மீ., பழைய வழியிலும் 78 செ.மீ. "இதுல நான் தோக்கலைங்க" என்று மாஸ்டர் சிரித்தார். மூன்று ரோலுக்கும் சேர்த்து 5.38 மீட்டர் இருந்த இடத்தில் 2.34.

நாலாவது ரோல் 77 மீட்டர். ஐந்து பெரிய அடுக்கு விரித்து ஆறாவதை இழுத்துக்கொண்டு போகும்போது மாஸ்டர் கையைத் தூக்கினார். 4.7 மீட்டர் தள்ளி ஒரு ஓட்டை, ஊசி விட்டுப்போன இடம். சாதாரணமாக இங்கே அந்த அடுக்கையே கழிப்பார்கள், அல்லது ஓட்டையை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டு கொடுப்பார்கள். அவர் ஒன்றும் பேசாமல் ஆறாவது அடுக்கைப் பக்கத்து டேபிளுக்குத் திருப்பி, நாலரை மார்க்கருக்கு விரித்து, ஓட்டைக்கு முன்னாலேயே அறுத்துவிட்டார். கழித்தது 30 செ.மீ. மட்டும். என் நிரலுக்கு ஓட்டை என்றால் என்னவென்றே தெரியாது.

ரோலில் இன்னும் 41.96 மீட்டர். "இப்பப் போட்டுப் பாருங்க" என்றார். போனில் போட்டேன். பெரியது வேண்டாம், நாலரையே ஒன்பது, மிச்சம் 1.10 மீட்டர் என்று வந்தது. பெருமையாகக் காட்டினேன்.

அவர் விரலை மடித்தார். "பெரிசு ஆறு, நாலரை ஒண்ணு போட்டா எவ்வளவு நிக்குமுங்க?"

"1.18."

"எட்டு செண்டிக்காக ஒம்போது அடுக்கு அந்த டேபிள்ல போடறதுங்களா? ஆறு போடற நேரத்துல முடிஞ்சு போற வேலைங்க."

ஆறும் ஒன்றும்தான் விரித்தார்கள். நின்ற 1.18 மீட்டரை மாஸ்டர் மடித்து, அதன் ரோல் நம்பரைச் சாக்பீஸால் எழுதி, பனியன் ஓரத்தில் கீறிய ஒரு நாடாவால் கட்டி டேபிளுக்கு அடியில் வைத்தார். கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் தைக்கும் டேப் அதே ரோலில் வெட்டிக்கொள்ளலாமாம். அதையும் குறித்துக்கொண்டேன்.

இப்போது ரயில். ஈரோடு தாண்டியாயிற்று. விரிக்கும் நேரத்துக்காக நிரலில் ஒரு அடுக்குக்கு எத்தனை செ.மீ. துணியை அபராதமாக வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 5 செ.மீ. என்று வைத்தால் ஆறும் ஒன்றும் வருகிறது, முதல் மூன்று ரோலில் விரித்த அதே கணக்கும் வருகிறது. 160 வைத்தால் இரண்டாவது ரோல் கெட்டுப்போகிறது. மாஸ்டரிடம் கேட்டால் ஒரு எண் சொல்வார். நாளைக்குக் காலையில் கூப்பிட வேண்டும். கனி மார்க்கெட்டில் வாங்கிய பச்சைக் கோட்டுத் துண்டைத் தலைக்கு வைத்திருக்கிறேன்.